அசையும் பொருளும்

சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? அந்த உறவு என்றுமுள்ளது, எவரும் ஏற்படுத்தியதன்று என்றது மீமாஞ்சைத் தரிசனம். இச்சொல் இதைக் குறிக்கட்டும் என்ற உடன்பாட்டால் வந்தது என்றது நியாய தரிசனம். ஒலி பிறழ்ந்தால் வழிபாடு பிறழுமா என்ற சமய வினா இங்கிருந்தே கிளைக்கிறது.

பிறழும் என்பதற்கு வேத மரபு காட்டும் சான்று, இந்திரனைக் கொல்ல ஒரு மகனை வேண்டித் துவஷ்டா என்ற தேவன் செய்த வேள்வி. ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லின் இறுதி அசை உயர்ந்தொலித்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள். முதலசை உயர்ந்தால் இந்திரனால் கொல்லப்படுபவன். துவஷ்டா முதலசையை உயர்த்தினான். வேள்வியில் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். இலக்கணம் கற்க வேண்டிய காரணங்களுள் ஒன்றாகப் பதஞ்சலி இதை மகாபாஷியத்தில் சொல்கிறார்.

அசையை ஒலிக்கும் முறை வேதமொழிக்கு அப்பாலும் முக்கியமாகிறது. இத்தாலிய மொழியில் அழுத்தம் அசைப்பிரிப்பையே தீர்மானிக்கிறது. உயிரியலைக் குறிக்கும் ‘பியொலொஜீஆ’வில் ஈற்றயல் இகரம் அழுத்தம் பெறுவதால் இறுதி இரு உயிர்களும் தனித்தனி அசைகள். நுண்ணோக்கியைக் குறிக்கும் ‘மிக்ரொஸ்கோப்யொ’வில் அழுத்தம் ‘ஸ்கோ’வில் விழுவதால் இறுதி உயிர்கள் ஓரசையாகின்றன.

தமிழில் பொருளை மாற்றுவது அழுத்தமன்று, மாத்திரை: கல் வேறு, கால் வேறு. அசைப்பிரிப்பும் அளவையே பற்றியது. ‘வெப்பமானி’ வெப்–பமா–னி என நேர்–நிரை–நேராகப் பிரியும்.

ஒலி மாறினால் பொருள் மாறுமா என்ற வினாவுக்கு இலங்கையின் ஊவா மாகாணத்து ஊர்ப்பெயர்கள் கண்கூடான எடுத்துக்காட்டுகள். ‘ஹாலிஎல’ சிங்களப் பெயர். ‘எல’ என்றால் ஓடை. தமிழ்ப் புணர்ச்சிப்படி யகர உடம்படுமெய் பெற்று ‘ஹாலியெல’ ஆக வேண்டியது, உயிரெழுத்தை நடுவில் நிறுத்தி இரு சொற்களின் மூட்டைக் காட்டுகிறது. அருகிலுள்ள ‘பதுல்ல’ தமிழ் ஈறு பெற்றுப் பதுளையாயிற்று. ஒன்று மூல ஒலியைப் பேணியது, மற்றது மாற்றிக்கொண்டது. ஊரைக் குறிப்பதில் இரண்டும் தவறவில்லை. ஊர்ப்பெயரளவில் நியாயத்தின் விடையே பொருந்துகிறது.

மந்திரத்தின் நிலை வேறு. அதை ஓதுபவர் கைமாற்றிக் கொடுக்கும் பொறுப்பாளர். மாத்திரையும் அசையும் குன்றாமல் காப்பது அவர் கடமை. ஆனால் அக்கடமை வழிபடுவோர் எல்லோர்க்கும் நிபந்தனை அன்று. ஆகம விதி அறியாத கண்ணப்பரின் பூசையைச் சிவன் ஏற்றதாகவே பெரியபுராணம் சொல்கிறது. ஊவாவின் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழும் மக்கள் தம் பேச்சுத் தமிழில் வைக்கும் வேண்டுதலும் அவ்வகையதே. ஒலித்திருத்தம் மரபைக் காக்கிறது. வழிபாட்டை நிறைவாக்குவது அன்பு.