அல்ஹம்ராவுக்கு வாரிசு யார்?

சிறு வயதில் மீலாது மேடைகளில் நாம் கேட்ட ஊர்ப் பெயர்களில், மக்கா மதீனாவுக்கு அடுத்தபடி நெஞ்சில் தங்கியது கிரானடா. அந்தப் பெயரைச் சொல்லும்போதே பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். பெரியவர்கள் தோளில் கிடக்கும் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்த பிறகு அந்த அல்ஹம்ராவை ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். பார்த்தும் வந்தோம்.

புறப்படுமுன் நண்பர் ஒருவர், "ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செலவிட்டீர்கள், சரி. பழைய கோட்டையைப் பார்க்கவா இவ்வளவு பணம்?" என்று கேட்டார். பூமியில் பிரயாணம் செய்து, முன் சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருமறை பல இடங்களில் ஏவுவதை எடுத்துச் சொன்னோம். அவர் வாய் அடங்கியது. ஆனால் பார்த்து வந்தபின் வேறொரு கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோட்டையைக் காட்டி "இது நம்முடையது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

சொல்லத்தான் தோன்றுகிறது. பன்னிரண்டு சிங்கங்கள் சுமக்கும் சலவைக்கல் தொட்டி, தேன்கூடு போலத் தொங்கும் கூரை வேலைப்பாடு, சுவரெங்கும் அரபு எழுத்து. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்ற வாசகம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஐரோப்பியர்கள் பூவேலை என்று பார்த்ததை நாம் எழுத்துக் கூட்டி வாசித்தோம். மார்பு சற்று விரிந்ததை மறைப்பானேன்?

ஆயினும் வாரிசு என்றால் என்ன என்பது வணிகர்களாகிய நமக்குப் புதிதன்று. மௌத்தானவரின் சொத்தில் முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் வஸிய்யத்; எஞ்சியதைத்தான் வாரிசுகள் பங்கிட வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். கடையை எடுத்துக்கொண்டு, கடன் கொடுத்தவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பும் மகனை ஊரில் யாரும் மதிப்பதில்லை. அப்படியானால் அல்ஹம்ராவின் கடன் ஏட்டையும் நாம் புரட்ட வேண்டுமன்றோ?

1238இல் கிரானடாவில் ஆட்சியை நிறுவி இக்கோட்டையை எழுப்பத் தொடங்கியவர் முதலாம் முஹம்மது. அவர் 1246இல் காஸ்டீல் அரசருக்குக் கப்பம் கட்ட உடன்பட்டார். உடன்பாட்டின்படி, அந்த அரசர் முஸ்லிம்களின் செவில் நகரை முற்றுகையிட்டபோது தம் படையுடன் சென்று உதவினார். 1248இல் செவில் வீழ்ந்தது. திரும்பி வந்தவரை மக்கள் "வெற்றியாளரே" என்று வாழ்த்தியதாகவும், அதற்கு அவர் சொன்ன பதிலே அந்தச் சுவர் வாசகம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பதிலில் இருந்தது பணிவா, வெட்கமா? நம் மேடைகளில் இக்கதையின் பின்பாதியை மட்டும் கேட்டிருக்கிறோம். கோட்டையின் படைவீரர் பகுதியில், நெற்குதிர் போல வாய் குறுகிய நிலவறை ஒன்றும் உண்டு. கைதிகளை அடைத்து வைத்த இடம் அது. அங்கே நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை; நாமும் எடுக்கவில்லை.

எதிர்த் தரப்பின் ஏடு இதைவிடக் கறுப்பு. 1491 நவம்பரில் எழுதப்பட்ட உடன்படிக்கை முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சொத்துக்கும் உறுதி கூறியது. 1492 ஜனவரியில் நகரம் ஒப்படைக்கப்பட்டது. 1499இல் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1502இல் மதம் மாறு, அல்லது வெளியேறு என்ற ஆணை வந்தது. கையெழுத்து எட்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. மாறியவர்களின் சந்ததியாருக்கும் நிம்மதியில்லை. 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் ஸ்பெயினை விட்டே துரத்தப்பட்டார்கள். நம் பேச்சாளர்கள் கண்ணீர் விட்டதோ கடைசி அரசர் அபூ அப்தில்லாஹ்வுக்காக. அவருக்கு மலைநாட்டில் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. பட்டு நெய்தவனுக்கும் செருப்புத் தைத்தவனுக்கும் அப்படி ஒதுக்க யார் இருந்தார்கள்?

நம்முடன் வந்த தோழர் இதற்கு மறுப்புச் சொன்னார்: "அரசர்கள் செய்த குற்றத்துக்கு நாம் பொறுப்பா? ஒருவர் பாவம் மற்றவர் தலையில் விழாது என்பதுதானே மார்க்கம்?" உண்மை. ஆனால் அதே நீதிப்படி அவர்கள் கட்டிய அழகும் நம் பெயரில் வரவாகாது. இரண்டையும் நம் ஏட்டில் எழுதலாம், இரண்டையும் விட்டுவிடலாம். வரவை மட்டும் எழுதிக் கொண்டுவரும் கணக்குப்பிள்ளையை நம்மில் எவரும் ஒரு நாள்கூடக் கடையில் வைத்திருக்கமாட்டோம். தோழர் சிறிது நேரம் பேசாமல் நடந்தார்.

மலையை விட்டு இறங்கினால் ஊருக்குள் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. முஸ்லிம் ஆட்சியில் வணிகர்கள் தங்கிய விடுதி. அருகிலேயே பட்டுக் கடைத்தெரு. பிற்காலத்தில் கரி மூட்டைகளை அடுக்கியதால் இன்று அதற்குக் கரி முற்றம் என்று பொருள்படும் பெயர். நடுவே முற்றமும் தண்ணீர்த் தொட்டியும். கீழே சரக்கும் கழுதைகளும். மேல் மாடங்களில் வணிகர்கள். நம்முடைய பழைய கிட்டங்கிகளைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கோட்டையில் இருந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தோம். மேல்மாடி அறைகளை விரல்விட்டு எண்ணிய தோழர், "ராத்திரிக்கு என்ன வாடகை வாங்கியிருப்பார்கள்?" என்று கேட்டார்.