ஈகையா, ஒப்புரவா?

சிலாங்கூர் ஆற்றை அடுத்த பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி முதலிய தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகள் வளர்த்த வட்டாரம் அது. இன்று அங்கே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றும் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளை அத்தகைய வாயிலுள் மாணவனாய் நுழையலாம். ஆசிரியனாய் நுழைவதற்கு வழி யாது?

பட்டம் பெற்றவன் பேராசிரியனாக வேண்டுமாயின், மேலும் பல ஆண்டுகள் ஆராய்ச்சியில் கழிய வேண்டும். வீட்டிலோ அவன் சம்பளத்தை நம்பி முதிய பெற்றோரும் இளையோரும் காத்திருப்பர். அறிவு குன்றியதால் அன்று. அடுப்பு எரிய வேண்டியிருப்பதால் அவன் பாதிவழியில் திரும்புகிறான்.

இந்தத் தடையை உணர்ந்தே அமெரிக்காவில் மெலன் அறக்கட்டளை 1988-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. பின்னர் அதற்குக் கறுப்பினக் கல்வியாளர் பெஞ்சமின் மேஸ் பெயரும் சூட்டப்பெற்றது. ஆசிரியர் வரிசையில் அருகிக் காணப்பட்ட இனத்தவரை இளங்கலைப் பருவத்திலேயே தேர்ந்து, வழிகாட்டும் பேராசிரியரையும் ஆய்வு உதவித்தொகையையும் அது தொடக்கத்தில் அளித்தது.

தகுதியை விடுத்துப் பிறப்பை நோக்குவது அறமாகுமா என்பர் சிலர். வினா நேரியதே. ஆயினும் இவ்வுதவி தருவது பதவியை அன்று. தகுதி பெறுவதற்கான காலத்தை. வசதியுள்ளவனுக்கு அக்காலத்தைத் தந்தையின் செல்வம் தருகிறது. அதனை எவரும் சலுகை என்பதில்லை.

நம் வழக்கில் இதற்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். உபகாரம் என்றதும் கொடுப்பவன் உயர்ந்து, பெறுபவன் தாழ்கிறான். வள்ளுவரோ ஈகையை ஓர் அதிகாரத்திலும் ஒப்புரவை மற்றோர் அதிகாரத்திலும் வைத்தார். ஒப்புரவுக்கு ஊருணியை உவமை கூறினார். ஊருணியில் நீர் முகப்பவன் இரவலன் அல்லன். அவன் ஊரைச் சேர்ந்தவன்.

1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி நிலைபெற எளிய உழைப்பாளரும் அந்நிதிக்கு ஈந்தனர். பல்கலைக்கழகப் படியை மிதியாதவர் தம் கூலியிலிருந்து தந்தது ஊருணியில் ஊற்றிய நீரன்றோ? அவர்தம் பேரன் அதிலே பருகுவது பிச்சையாகுமா?

பருகியவனுக்கும் கடன் உண்டு. தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்தையே ஆராய வேண்டும் என்பதன்று, விண்மீன்களையும் ஆராயலாம். ஆனால், தன் வகுப்பின் கடைசி வரிசையில் தயங்கி அமர்ந்திருக்கும் பிள்ளையை அவன் கண்டுகொள்ள வேண்டும். நீர் முகந்தவன் தூரும் வாரினால்தான் ஊருணி நிலைக்கும்.