ஆணை ஏறிய சொல்

தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி தரிசனம் பார்த்த கையோடு, "இனி அசைவம் தொடமாட்டேன்" என்றவர்களில் எத்தனை பேர், மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் வறுக்கும் வாசனையைத் தாண்டி வந்தீர்கள்? கை தூக்க வேண்டாம். வீட்டுக்காரம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்.

சொன்ன சொல்லைக் கடைசிவரை காத்த ஒருவர் சிதம்பரத்தில் இருந்தார், ஒரு குயவர். அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பது அவர் தொண்டு. வாயைத் திறந்தால் 'திருநீலகண்டம்'. சேக்கிழார் எதையும் மூடி மறைக்கவில்லை. பெரியபுராணத்தில் இந்த நாயனார் பரத்தை வீட்டுக்குப் போய் வந்தவர்தான். மனைவி பொங்கினாள், "எம்மைத் தீண்டாதீர்" என்று ஆணையிட்டாள். எதன் மேல்? அவர் நாளெல்லாம் உச்சரிக்கிற அந்தத் திருநீலகண்டத்தின் மேல்!

என்ன கெட்டிக்காரி பாருங்கள். நம் தீர்மானங்கள் நாலாம் நாளே மறந்துபோகின்றன. இவருக்கு மறக்க வழியே இல்லை. மண் பிசையும்போது அந்தப் பெயர், சக்கரம் சுற்றும்போது அந்தப் பெயர். சொல்லும்போதெல்லாம் ஆணையும் கூடவே வரும். பழைய பழக்கத்தின் தோளில் புது விரதம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

'என்னை' என்று அவள் சொல்லவில்லை, 'எம்மை' என்றாள். பன்மை. அப்படியானால் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று எடுத்துக்கொண்டார் அவர். நாமாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு வக்கீல் வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை, கல்யாண வீடு கணக்கில்லை என்று. 'இன்றைக்கு மட்டும்' என்பதற்கு இடமே விடாததால், தினம் தினம் தன்னோடு பேரம் பேசும் தொல்லை அவருக்கு இல்லாமல் போயிற்று.

ஒரே கூரையின் கீழ் முதுமை வரை இப்படியே. அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. நாம் நடைப்பயிற்சி தொடங்கினால் காலுக்கு முன்னால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நடக்கிறது!

அந்த முதுமையில் ஒருநாள், சிவயோகியாய் வந்த இறைவன், காத்து வைக்கச் சொல்லித் தந்த திருவோட்டைத் தானே மறைத்துவிட்டு, திருடவில்லையென்றால் மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கு என்று வழக்காடினார். தில்லைவாழ் அந்தணர்களும் அதுவே முறை என்றார்கள். கையைப் பிடித்தால் வழக்கு தீர்ந்துவிடும். பிடிக்கவில்லை. ஒரு மூங்கில் தண்டின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அந்தம்மாள் பிடித்தாள். யோகி அதற்கும் ஒப்பவில்லை. அப்போதுதான், அத்தனை வருஷம் கழித்து, தன் தவறு உட்பட எல்லாவற்றையும் ஊரறியச் சொன்னார்.

மூழ்கி எழுந்தபோது இருவருக்கும் இளமை திரும்பியது. அந்தக் குளத்தருகே உள்ள கோயிலுக்கு இளமையாக்கினார் கோயில் என்ற பெயரே அதனால்தான். அடுத்த முறை நடராஜரைப் பார்த்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாமல், அந்தக் குளத்துப் படியில் சற்று உட்காருங்கள். எனக்கு அங்கே முதலில் நினைவுக்கு வருவது இளமை அல்ல, அந்த மூங்கில் தண்டுதான்.