கடைத் தேங்காயும் விராலிமலை மயிலும்

விராலிமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் மயிலைக் காணாமல் திரும்புவது அரிது. பாறை மேல் அது நிற்கக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் மானாவாரியாகக் கடலை போட்டவருக்கு இந்தப் பரவசம் இருக்க நியாயமில்லை. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். ஈரம் பார்த்து விதைத்துவிட்டு வந்தால், விடியற்காலையில் மயில்கள் இறங்கிக் கிளறித் தின்கின்றன. நெல்லானால் பால் பிடிக்கும் கதிருக்கு வரும். தகரம் தட்டலாம், வரப்பில் பழைய சேலை கட்டலாம். அதெல்லாம் மயிலுக்குச் சீக்கிரமே பழகிவிடும்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், கொன்றவருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கறிக்கும் தோகைக்கும் வேட்டையாடப்பட்ட பறவைக்கு இந்தக் காவல் தேவைதான். ஆனால் அதற்குப் படியளப்பது யார்? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறோம். புண்ணியம் பக்தருக்கு, பெருமை நாட்டுக்கு; தேங்காய் மட்டும் கடலை விதைத்தவருடையது. அவருக்கு நேரும் இழப்பைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யாத வரை, மயிலைக் காக்கிறோம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வதில் கூச்சம் இருக்க வேண்டும்.

இதனால் விஷம் வைப்பது நியாயமாகிவிடாது. பூச்சிமருந்து கலந்த தானியம் ஆள் பார்த்துக் கொல்வதில்லை; கௌதாரியும் புறாவும் அதையே பொறுக்குகின்றன, செத்ததைத் தின்ற நாயும் சாகிறது. வேரழுகலுக்குப் பயந்து மருந்தில் புரட்டிய விதையைத் தின்று மயில் செத்தாலோ வழக்கு சிக்கலாகிறது. ஒருவர் கொல்ல நினைத்தார், மற்றவர் விதையைக் காக்க நினைத்தார். வரப்பில் கிடக்கும் பறவையைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட முடியாது. கடுமையான சட்டம் நிதானமான விசாரணையையும் கேட்கிறது.

மயில் பெருகினால் பல்லுயிர் பெருகியதாக எண்ணுவதும் சரியில்லை. தரையில் முட்டையிடும் பறவை அது. முட்டையையும் குஞ்சையும் தின்று கணக்கைச் சரிபார்த்த நரியை ஊர்ப்புறங்களில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலம் மயிலுக்கு நல்ல மறைவு. ஓணானையும் சிறு பாம்பையும் அது தின்கிறது. அவை பூச்சியும் எலியும் தின்று வயலுக்கு உழைத்தவை. ஓர் உயிர் மிகுந்து பல குறைந்தால், அழகான பறவை என்பதற்காக அதை வளம் என்று எழுதிவைக்க முடியாது. இந்தக் குலைவில் மனிதர்களின் பங்கு பெரிது. கடலைக்காரரின் பங்கு அதில் மிகச் சிறியது.

இழப்பீடு வந்தாலும் விடியற்காலைக் காவலுக்கு யார் கூலி தருவார்? அலுத்துப்போனவருக்குப் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு வழி திறந்தே கிடக்கிறது: நிலத்தைத் தைலமரத்துக்கு விட்டுவிடலாம். மயில் கொத்தாது, மாடு கடிக்காது, காவல் வேண்டாம். வெட்டுகிற ஆண்டில் லாரி வந்து காகித ஆலைக்கு ஏற்றிப் போகும். அந்த வயலில் கடலை இராது. கடலைச்செடிப் புழுவைத் தேடி வந்த மைனாவுக்கும் அங்கே வேலையில்லை. அப்படி விட்டவரைக் குறை சொல்ல, கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?