வாக்குத்தத்த அட்டையில் வராத வசனங்கள்



புதுவருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்கிறோம். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு எடுக்கிறவர்கள் உண்டு. எடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, “இன்னொன்று எடுத்துக்கட்டுமா ஐயா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் வந்தவர் மட்டும் இரண்டாவது அட்டை கேட்கவே மாட்டார். கர்த்தர் நம்மைப்பற்றி நினைப்பது கெடுதலை அல்ல, நமக்கு நல்ல முடிவு ஒன்று வைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம் அது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம், காலண்டரில் அச்சடிக்கிறோம், மேல்படிப்புக்கு வெளியூர் போகிற பிள்ளையின் வேதாகமத்தில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அந்த நல்ல முடிவு வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். அச்சடித்துக் கொடுத்தால் யார் எடுப்பார்கள்? ஆனால் கர்த்தர் எரேமியா தீர்க்கதரிசியைக்கொண்டு இரண்டையும் ஒரே கடிதத்தில்தான் எழுதி அனுப்பினார்.

இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலருக்கு இந்த ஒரு வருஷத்துக்குள் வாழ்க்கை தலைகீழாக மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் காலை எட்டு மணிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு தாயார் நாசரேத்துப் பக்கம் இருக்கும் தன் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு சென்னைக்கு வந்து ஆறாவது மாடியில் இருக்கிறார்; கீழே இறங்கினால் பேச ஆள் இல்லை. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் இருக்கிறார். வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாதவரும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்க விரும்புகிறேன்.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைப் பிடித்தது. யூதாவின் ராஜாவாகிய எகொனியாவுக்கு அப்போது வயது பதினெட்டு; சிங்காசனத்தில் உட்கார்ந்து மூன்றே மாதம். அவனையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் எஸ்றா அந்தத் தூரத்தைக் கடக்க நான்கு மாதம் பிடித்தது என்று வேதம் கணக்குச் சொல்கிறது. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, காவலுக்கு நடுவே இவர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். போன இடத்தில் பாஷை புரியாது, தேவாலயம் கிடையாது. மனதில் ஒரே கேள்விதான்: எப்போது திரும்புவோம்?

அந்தக் கேள்விக்கு ஊரிலிருந்து ஒரு நல்ல பதில் வந்தது. கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்றான். பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாக எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் போட்டான். கூட்டம் எவ்வளவு ஆனந்தப்பட்டிருக்கும்! நான் பலமுறை நின்று யோசித்தது, நுகம் உடைபடுவதற்கு முன் எரேமியா சொன்ன பதிலைத்தான். எரேமியா கோபப்படவில்லை. ஆமென் என்றார். அப்படியே நடந்தால் நல்லதுதான் என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அனனியா அந்த வருஷமே இறந்துபோனான். இரண்டு வருஷம் வந்தது, போனது, ஒருவரும் திரும்பவில்லை.

அனனியாவின் பிரசங்கம் இன்னும் நின்றபாடில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இழந்ததெல்லாம் இந்த மாதத்துக்குள் இரட்டிப்பாக வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர்களுக்குக் கூட்டம் சேருகிறது. மாதம் முடிந்து ஒன்றும் வராதபோது, “உங்கள் விசுவாசம் போதவில்லை” என்று பழியும் நம்மேல் விழுகிறது. பழைய நிலை திரும்பும் என்று நம்புவதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று யாரோ நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

எரேமியாவின் கடிதத்தை எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் பாபிலோனுக்கு எடுத்துப் போனார்கள். பிரித்து வாசித்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். திரும்பி வருவதைப்பற்றி ஆரம்பத்தில் பேச்சே இல்லை. வீடு கட்டி அதில் குடியிருக்கச் சொல்கிறார். தோட்டம் போட்டு அதில் காய்த்ததைச் சாப்பிடச் சொல்கிறார். கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வைக்கச் சொல்கிறார். அதாவது பேரன் பேத்தி காணுமட்டும் அங்கேதான். செமாயா என்பவனுக்கு இது பொறுக்கவில்லை. இப்படி எழுதுகிறவனை ஏன் தொழுமரத்தில் மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள் என்று எருசலேமுக்குப் பதில் கடிதமே எழுதிவிட்டான்.

செமாயாவின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. வீடு கட்டு என்றால், இனி இதுதான் உன் ஊர் என்று ஒத்துக்கொள் என்று அர்த்தம். ஒத்துக்கொண்டால் பழையதற்குத் துரோகம் செய்த மாதிரி நமக்குத் தோன்றுகிறது. சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் பெட்டியில் இருக்கும் சேலைகளை அலமாரியில் அடுக்காமல் வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். “எப்படியும் ஊருக்குப் போகத்தானே போறேன்” என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பழைய பதவியின் பெயரைச் சொல்லியே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறவர் உண்டு. இவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கர்த்தர் இவர்களிடம் முதலில் கேட்பது பெரிய ஆவிக்குரிய காரியம் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சேலைகளை எடுத்து அடுக்கினால் போதும். மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்தால் போதும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “நான் திருநெல்வேலிப் பக்கம்மா, நீங்க எந்த ஊர்?” என்று கேட்டால் போதும். தோட்டம் போடுங்கள் என்று கர்த்தர் சொன்னது இந்த மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளைத்தான்.

அந்த ஜனங்கள் அப்படியே செய்தார்கள் என்பதற்கு இன்று மண்ணுக்கடியிலிருந்து சாட்சி கிடைத்திருக்கிறது. பாபிலோனிய நாட்டில் யூதாவின் பெயரையே தாங்கிய ஒரு குடியிருப்பில் எழுதப்பட்ட களிமண் பலகைகள் 2014-இல் புத்தகமாக வெளிவந்தன. கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் பிரசங்கமும் இல்லை, சங்கீதமும் இல்லை. யூதப் பெயருள்ளவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது, வாற்கோதுமையாகவும் பேரீச்சம்பழமாகவும் வாரம் அளந்தது, கடன் வாங்கியது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தது, எல்லாம் வெறும் கணக்கு வழக்கு. அந்தக் கணக்கு வழக்கில் எரேமியாவின் கடிதத்துக்குக் கீழ்ப்படிந்த தலைமுறைகளைப் பார்க்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊரில் வாழ முடியாமல் போன சில குடும்பங்கள் 1799-இல் திருநெல்வேலித் தேரிக்காட்டுப் பக்கம் புதிதாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் முதலூர். பழைய ஊரை நினைத்து அழுதிருப்பார்கள். ஆனாலும் கிணறு வெட்டாமல் இருந்திருக்க முடியாது.

கடிதத்தில் இதைவிடக் கடினமான ஒரு வரி இருக்கிறது. தங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்க வேண்டுமாம். வீட்டை இடித்தவன் ஊருக்கு ஆசீர்வாதம் கேட்பதா? இன்று அதற்கு அர்த்தம், உங்கள் வேலையைப் பறித்த நிறுவனத்துக்காக, உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்காக, மகளை ஏழு கடலுக்கு அப்பால் வைத்திருக்கும் அந்த அந்நிய நகரத்துக்காக ஜெபிப்பது. நான் இதை எளிதாகச் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். வாய் முதலில் சொல்லும், மனம் வெகுநாள் கழித்துத்தான் வந்து சேரும்.

இடையில் ஒரு வார்த்தை. அடிக்கிற கணவனோடு இருந்தே தீர வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல யாரும் இந்த அதிகாரத்தைக் கையில் எடுக்காதீர்கள். மாற்றக்கூடிய அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லி எழுதிய கடிதம் அல்ல இது. மாற்ற முடியாத ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு எழுதியது.

“அப்படியானால் அழக் கூடாதா ஐயா?” என்று கேட்பீர்கள். 137-ஆம் சங்கீதத்தைப் போய் வாசியுங்கள். அதே பாபிலோன், அதே ஜனங்கள். நதிக்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்று கேட்டவர்களுக்கு முன்னால் கின்னரத்தை மரத்தில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் நாம் ஆராதனையில் வாசிக்கவே தயங்கும் அளவுக்குக் கோபம் நிறைந்தது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் இருக்கவிட்டிருக்கிறார். பகலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களே சாயங்காலம் ஆற்றங்கரையில் அழுதிருப்பார்கள். ஆகவே துக்க வீட்டுக்குப் போய், “எல்லாம் நன்மைக்கே, அழாதீங்க” என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் நம் ஆண்டவரே அழுதிருக்கிறார், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும்.

சிறைப்பட்டுப் போனவர்களில் எசேக்கியேல் என்ற வாலிபன் ஒருவன். ஆசாரியக் குடும்பம். பரிசுத்த ஸ்தலத்துப் பணிகளுக்கு முப்பது வயதிலிருந்து ஆட்களை எண்ணிக்கொள்வது பழைய முறை. அவனுடைய புத்தகம் முப்பதாம் வருஷம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அது அவனுடைய வயதுதான் என்று வேத அறிஞர்கள் பலர் எண்ணுகிறார்கள். அப்படியானால் சிறுவயது முதல் எதற்காகத் தயாரானானோ அந்த வேலையில் சேர வேண்டிய வருஷத்தில் அவன் கேபார் நதியண்டையில் இருக்கிறான். ஆலயம் நான்கு மாதத் தூரத்தில். அந்த வருஷத்தில், அந்த இடத்தில் வானம் திறக்கிறது. ஆலயத்துக்குள் இருப்பதாக எல்லாரும் நம்பிய கர்த்தருடைய சிங்காசனம் பாபிலோனில் தெரிகிறது. அதற்குக் கீழே சக்கரங்கள் இருக்கின்றன. எந்தப் பக்கமும் திரும்பாமலே எந்தப் பக்கமும் போகக்கூடிய சக்கரங்கள்.

சக்கரம் எதற்கு என்று பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான். ஜனங்கள் போன இடத்துக்கு அவரும் போகிறவர். நாசரேத்து வீட்டுப் பூஜையறை மாதிரி வைத்திருந்த அந்த ஜெப மூலையில்தான் ஆண்டவர் என்னோடு பேசுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தாயாரே, அவர் ஆறாவது மாடிக்கும் வருவார்.

எகொனியா என்ன ஆனான்? பாபிலோனில் ராபர்ட் கோல்டெவே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தோண்டியபோது நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் பண்டசாலைக் கணக்கெழுதிய களிமண் பலகைகள் கிடைத்தன. 1939-இல் அவற்றை வாசித்து வெளியிட்டார்கள். யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளக்கப்பட்டது என்ற பட்டியலில் யூதாவின் ராஜாவாகிய எகொனியாவும், அவனுடைய ஐந்து குமாரரும் வருகிறார்கள். பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் இழந்து அளந்து கொடுக்கும் எண்ணெய்க்குக் காத்திருந்தவன். முப்பத்தேழாம் வருஷம் வேறொரு ராஜா வந்து அவனைச் சிறையிலிருந்து எடுத்துத் தன் பந்தியில் உட்கார வைத்தான். எருசலேமை அவன் மறுபடி பார்த்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

மத்தேயு முதலாம் அதிகாரத்தில் ஒரு வம்ச வரலாறு இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் அதை வாசிக்க யாரையாவது அழைத்தால், பெயர்கள் வாயில் நுழையாது என்று நழுவிவிடுவார்கள். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, சிறையிருப்பு முதல் கிறிஸ்து வரை என்று மத்தேயு அதை மூன்றாகப் பிரிக்கிறார். அவமானமான அந்தச் சிறையிருப்பை மறைக்காமல் நடுத்தூணாக நிறுத்துகிறார். அங்கே எகொனியாவின் பெயர் வருகிறது. சிறைப்பட்டுப் போன பிறகு அவனுக்குச் சலாத்தியேல் பிறந்தான், சலாத்தியேலுக்குச் சொரொபாபேல் என்று போய், கடைசியில் யோசேப்பு வழியாகக் கிறிஸ்து வரை வருகிறது அந்த வரிசை. எரேமியாவின் பேச்சைக் கேட்டு அந்நிய மண்ணில் யாரோ கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், தொட்டில் கட்டினார்கள். தாங்கள் எந்த வம்சத்துக்குத் தொட்டில் கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்று ஆராதனை முடிந்ததும் புதிதாக இந்தப் பட்டணத்துக்கு வந்திருக்கிறவர்கள் அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். நம் பெண்கள் சங்கத்தார் வாசலில் காப்பியோடு நிற்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லுங்கள். இந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.