மேலருவிக்காரர்கள்

ஐந்தருவிக்கு மேலே, அரசாங்கப் பழத்தோட்டத்துக்குள் இன்னோர் அருவி இருக்கிறது. பழத்தோட்ட அருவி என்று பெயர். முக்கியப் பிரமுகர்கள் குளிக்கும் இடம் என்று நெடுநாளாகப் பேர் வாங்கிவிட்டது. கீழே, ஐந்து கிளையாக விழும் தண்ணீரில் தலையைக் கொடுத்து நிற்கும் கூட்டத்தில் ஆண், பெண் என்பதைத் தவிர வேறு பிரிவு இல்லை. வக்கீலும் வண்டிக்காரரும் ஒரே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நிமிர்ந்து மலையைப் பார்ப்பவனுக்கு, மேலே வேறு சிலர் சாவகாசமாகக் குளிக்கிறார்கள் என்ற நினைப்பு வராமல் போகாது.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் உள்ள இடத்தில்தான் மேல், கீழ் என்ற பேதம் பிறக்கும் என்பார்கள். அப்படியானால் பஞ்சமே இல்லாத உலகத்தில்? அத்தகைய உலகங்களைக் கற்பனை செய்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் டோல்கீன் என்ற பேராசிரியர் எல்ஃப் என்னும் இனத்தைப் படைத்தார். நம் கந்தருவர்களுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்: அழகர்கள், பாடகர்கள், மூப்பறியாதவர்கள். அவர் மறைந்த பிறகு 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் இவர்களுடைய பூர்வ கதை வருகிறது. ஆதியில் சிலர் கடல் கடந்து மேற்கே போய் இரண்டு தெய்வ மரங்களின் ஒளியைக் கண்டார்கள். அவர்கள் ஒளிக்குலம். போகாதவர்கள் இருட்குலம். போகாதவர்கள் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. பிரயாணம் போகவில்லை, அவ்வளவுதான். யுகங்கள் கழிந்தும் அந்தப் பெயர் கழியவில்லை. சீமைக்குப் போய்வந்தவர் வீட்டுத் திண்ணைக்கு ஒரு காலத்தில் நம் ஊரில் இருந்த மதிப்பு நினைவுக்கு வருகிறது!

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். அமரகோசம் தேவயோனிகள் என்று பத்து இனங்களை எண்ணுகிறது. தைத்திரீய உபநிடதமோ கணக்கே போட்டுவிடுகிறது. இளமையும் கல்வியும் பலமும் பூமியின் செல்வம் முழுவதும் வாய்த்த ஒருவனின் ஆனந்தம் ஓர் அளவு. அதைப்போல் நூறு மடங்கு மனுஷ்ய கந்தருவனுக்கு. அதைப்போல் நூறு மடங்கு தேவ கந்தருவனுக்கு. கந்தருவர்களுக்குள்ளேயே இரண்டு தரம், பாருங்கள். இப்படியே இந்திரன், பிருகஸ்பதி, பிரஜாபதி, பிரம்மா வரையில் ஏணி போகிறது.

அந்த ஏணியில் ஒரு விந்தை உண்டு. கந்தருவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியிலும், வேதம் கற்று ஆசையால் அடிபடாதவனுக்கும் இதே ஆனந்தம் உண்டு என்று உபநிடதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஏணியைக் கட்டிய கையே அதைச் சாய்த்தும் விடுகிறது. அண்ணாந்து பார்க்காதவனே உயர்குடி என்று ஆகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கீழே நிற்பவனுக்கு உபதேசித்துவிட்டுத் தோட்டத்துக் கதவைச் சாத்திக்கொள்வது மிகவும் சுலபம். மேலும், வேதம் கற்க எல்லாரையும் எங்கே விட்டார்கள்? ஆசையை விடு என்று சொல்கிற உரிமை, இடத்தை விட்டுக்கொடுத்தவனுக்கு மட்டுமே உண்டு என்பது என் கட்சி.

இந்த மலையடிவாரத்துக் கவி வேறு வழி பார்த்தார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதரிடம் நிலம் மானியமாகப் பெற்றவர். அரசன் தயவில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவருடைய மலையில் குரங்கு உதிர்த்த பழத்துக்கு வானுலகத்தார் ஏங்கி நிற்கிறார்கள். அருவித் திவலையில் சூரியனுடைய தேரே சறுக்குகிறது. இவ்வளவையும் சொல்லிப் பெருமை அடிப்பவள் யார்? கூடையைச் சுமந்து ஊர் ஊராகத் திரியும் குறத்தி. கேட்டுக்கொண்டிருப்பவள் மாடமாளிகை வசந்தவல்லி. மானியம் வாங்கிய கவிஞர், மலையின் மேட்டிமையைக் குறத்தியின் வாயில் வைத்துவிட்டார்.

அவள் கணவன் சிங்கன் வருகிறான். மனைவியின் காலில் கிடப்பது விரியன் பாம்போ என்று பதறுகிறான். அது சிலம்பு, குறி சொன்னதற்குக் கிடைத்தது என்று அவள்தான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய இடத்து நகைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று அவன் கேட்டுக்கொண்டே போகிறான்.