செவிக்கு வந்த முறையீடு

நாம் ஆலையில் தறி ஓட்டிய காலத்தில், மேஸ்திரியின் கொடுமையை அலுவலரிடம் தனித்து முறையிட்டார் ஒரு தோழர். மாலைக்குள் அவர் பெயர் மேஸ்திரியின் காதுக்கு எட்டியது. மறுவாரம் அவருக்கு வேலையில்லை. அதன்பின் அங்கு எவரும் வாய் திறக்கவில்லை.

அலுவலர் மௌனம் காத்தால் தீமையும் மறைந்து போகாதோ எனச் சிலர் வினவலாம். வினயபிடகம் விடை தருகிறது. பிக்கு ஒருவரின் பெருங்குற்றத்தை அறிந்தும் மறைத்தல் குற்றம். அதனைச் சங்கத்தின் இசைவின்றி உபசம்பதை பெறாதாரிடம் உரைத்தலும் குற்றம். ஆகவே, உரியவரிடம் சொல்லுதலும் உரிமையற்றவரிடம் சொல்லாமையும் ஓரறமேயாம்.

சட்டமும் இவ்வழியதே. தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட பிரிவு, முறையீடு யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் இரகசியமாகக் காக்கப் பணித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளும், குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுமொழி கூறுமாறு புகாரின் நகலை அவருக்கு அளிக்கின்றன. ஊரார்க்கும் பத்திரிகைகளுக்கும் அதை வெளியிடுவதைத் தடுக்கின்றன.

புனேயை அடுத்த பிம்ப்ரி சிஞ்ச்வட் ஆலைகளில் மனிதவள அலுவலராய் அமரும் நம் பிள்ளைகளே! "எவரிடமும் சொல்லேன்" எனக் காக்கவியலாத வாக்களிப்பது நான்காம் சீலத்துக்கு மாறானது. யாருக்குச் சொல்ல நேரும் என்பதை முதலில் சொல்லுங்கள். பின்னரே முறையீட்டைக் கேளுங்கள்.